வலியை அளக்கும் முன்

முதுகலை இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கு,

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் நேரம் இது. நூலகத்தில் சீனியர்களின் ஆய்வேடுகளைப் புரட்டியிருப்பீர்கள். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முழங்கால் தேய்மானமோ கழுத்து வலியோ உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரு பயிற்சி, மறு குழுவுக்கு வேறொன்று. சில வாரம் கழித்து வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண், மூட்டு மடங்கும் கோணத்துக்கு ஓர் அளவு, கடைசியில் பி வேல்யூ. இப்படிப்பட்ட ஆய்வே வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பதை ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். ஆனால் ஒப்பிட்டு அறிய முடியாதவையும் நம் துறையில் நிறைய உண்டு. பத்து வருடமாக இடுப்பு வலியோடு இருப்பவர் தன் முதுகைத் தன்னுடையதாக உணர்கிறாரா? பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் தன் கையை ‘இது’ என்று சொல்லத் தொடங்குவது ஏன்? நாம் சொல்லும் ஒரு வாக்கியம் நோயாளியோடு வீட்டுக்குப் போய் அங்கே என்ன செய்கிறது? இவற்றை அறிய, சம்பந்தப்பட்டவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும். கேட்டதை முறைப்படி பதிந்து ஆராய வேண்டும். பண்புசார் ஆய்வு என்பது அதுதான். உங்களில் சிலராவது இந்த ஆண்டு அதை எடுக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

நம் துறை நோயாளியின் பேச்சுக்குக் காது கொடுக்காமல் வளர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1894-இல் லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் பாலியல் தொழில் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. ஊரே அதைப் பேசியது. மசாஜை மருத்துவ வேலையாகக் கற்றுச் செய்துவந்த பெண்களின் மானமும் பிழைப்பும் ஒருசேர ஆட்டம் கண்டன. லூசி ராபின்சன், ரோஸலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நால்வர் சேர்ந்து, பயிற்சிபெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது, மருத்துவரே கேட்டுக்கொண்டாலொழிய ஆண்களுக்கு உடல் முழுவதும் மசாஜ் கூடாது, மருத்துவ இதழ் தவிர வேறெதிலும் விளம்பரம் கூடாது என்று விதிகள் வகுத்தார்கள். அந்தச் சங்கம் 1920-இல் அரச சாசனம் பெற்று, இன்று பிரிட்டனின் இயன்முறை மருத்துவச் சங்கமாக இருக்கிறது.

நியூசிலாந்தின் டேவிட் நிக்கல்ஸ் 2006-இல் ஜூலியான் சீக்குடன் சேர்ந்து இந்த வரலாற்றை எழுதினார். அவர்கள் காட்டுவது இது: தொடுவதற்கு உரிமை வேண்டுமானால், தொடப்படுவது வெறும் தசையும் மூட்டும் நெம்புகோலும்தான் என்று அந்தப் பெண்கள் நிறுவ வேண்டியிருந்தது. உடம்பை இயந்திரமாகப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குக் கவசமாக இருந்தது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, மதிப்புத்தான் உண்டு. ‘பிசியோவா? மசாஜ் பண்ற வேலையா?’ என்ற கேள்வியும் அதோடு வரும் பார்வையும் என்னவென்று நம் ஊர் மாணவிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கவசத்தை நூறு வருடத்துக்கு மேல் கழற்றாமலே இருந்துவிட்டோம். அசைவைப் பற்றி நமக்கு அவ்வளவு தெரியும். அசைகிறவரைப் பற்றிக் கேட்கவே மறந்துபோனோம்.

கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு, நாம் தினமும் கொடுக்கும் ஒரு கட்டளையிலிருந்தே தொடங்குகிறேன். தொடைத் தசையை இறுக்குங்கள் என்று அறுவை முடிந்தவரிடம் சொல்கிறோம். இறுகவில்லை என்றால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் 1974-இல் நார்வே மலையொன்றில் காளையைக் கண்டு ஓடி விழுந்தார். இடது தொடைத் தசையின் தசைநாண் அறுந்தது. லண்டனில் அறுவை செய்து இணைத்தார்கள். அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் வந்து தசையை இறுக்கச் சொன்னபோது அவரால் முடியவில்லை. வலித்ததால் அல்ல, பலமில்லாததால் அல்ல. எப்படி இறுக்குவது என்ற நினைப்பே அவரிடம் இல்லாமல் போயிருந்தது. மாவுக்கட்டுக்குள் கிடந்த கால் தன்னுடையது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அறுவை மருத்துவரிடம் சொன்னபோது, காலில் ஒன்றும் கோளாறு இல்லை என்று தட்டிக்கழித்துவிட்டார். பின்னொரு நாள் நடைப் பயிற்சியின்போது மெண்டல்சன் இசை மனதில் ஓட, அந்தத் தாளத்தோடு கால் திடீரெனத் தன்னுடையதாகிவிட்டது என்கிறார். 1984-இல் வந்த அவருடைய புத்தகம் முழுக்க இந்த ஒரு கால் பற்றியதுதான். நோயாளியாகப் படுத்தவர் நரம்பியல் மருத்துவராக இருந்ததால் நமக்கு இது தெரிந்தது. அதே படுக்கையில் ஒரு கொத்தனாரோ பேருந்து நடத்துநரோ இருந்திருந்தால், ஒத்துழைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு அது முடிந்திருக்கும்.

சாக்ஸ் தனக்கு நேர்ந்ததை எழுதினார். அதையே முறையான ஆய்வாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மைக் ஆஸ்போர்ன், ஜொனாதன் ஸ்மித் என்ற இரு உளவியலாளர்கள் நாள்பட்ட முதுகு வலி உள்ளவர்களிடம் நெடுநேரம் பேசி ஆராய்ந்தார்கள். 1998-இல் வந்த அவர்களுடைய முதல் கட்டுரையில் பேசியவர்கள் ஒன்பதே பெண்கள். ஏன் எனக்கு என்ற விடையில்லாத தேடல், முன்பிருந்த தன்னோடு இப்போதிருக்கும் தன்னை ஒப்பிட்டுக் கலங்குவது, யாரும் நம்பாதது, மனிதர்களிடமிருந்து மெல்ல ஒதுங்குவது என நான்கு இழைகள் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தன. 2006 கட்டுரையில் இன்னும் ஆழமான ஒன்று வந்தது. நன்றாக இருக்கும்போது உடம்பு இருப்பதே நினைவில் இருப்பதில்லை. வலி வந்ததும் வலிக்கும் பகுதி மட்டும் துருத்திக்கொண்டு முன்னால் நிற்கிறது. கொஞ்ச நாளில் அது ‘நான் இல்லை’ என்றாகிவிடுகிறது. தன்னுடைய முதுகே தனக்கு அந்நியம்.

இது கவிதை போலத் தோன்றலாம், ஆனால் கிளினிக்கில் நேரே கைகொடுக்கும் செய்தி இது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜெனி லூயிஸும் உடன் பணியாற்றியவர்களும், சி.ஆர்.பி.எஸ். என்னும் கொடிய வலி நோய் உள்ளவர்களை அவர்களுடைய கையோ காலோ எப்படி உணரப்படுகிறது என்று கேட்டு 2007-இல் எழுதினார்கள். உறுப்பு தன்னுடையதாகத் தெரியவில்லை, அளவு மாறிவிட்டது போலிருக்கிறது, கண்ணால் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம் என்றிருக்கிறது என்றெல்லாம் பேசினார்கள். யாராவது பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர்கள் அவர்கள். இப்படிக் கேட்டதிலிருந்துதான் இந்த உணர்வுக் குலைவை மதிப்பிடும் அளவுகோலே பிறந்தது. ஆஸ்திரேலியாவின் லோரிமர் மோஸ்லி 2008-இல் நாள்பட்ட முதுகு வலிக்காரர்களிடம், உங்கள் முதுகு உங்களுக்கு உணரப்படுகிறபடி கோட்டுப் படம் வரையுங்கள் என்று கேட்டார். வலிக்கும் இடம் வந்ததும் கோடு நின்றது. அந்தப் பகுதியின் எல்லையை அவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதே இடத்தில் தொடுவுணர்வின் துல்லியமும் குறைந்திருந்தது. பென்சிலும் தாளும் உங்கள் புறநோயாளிப் பிரிவிலும் இருக்கின்றன. இதை ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

நம்பாமை என்று மேலே ஓரிடத்தில் சொன்னேன். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நார்வேயில் ஆன் வெர்னர், கிர்ஸ்டி மால்டெருட் இருவரும் நாள்பட்ட தசை வலி உள்ள பத்துப் பெண்களிடம் பேசி 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் அந்தப் பெண்கள் செய்யும் கணக்கு மலைக்கவைக்கிறது. நன்றாக உடுத்திப் போனால் நோய் இல்லை என்பார்கள், அலங்கோலமாகப் போனால் மனநோய் என்பார்கள். அதிகம் கேட்டால் அடம், கேட்காவிட்டால் அலட்சியம். நம்பத்தகுந்த நோயாளியாகத் தோன்றுவதே அவர்களுக்குப் பெரிய உழைப்பாக இருந்தது. நம் புறநோயாளிப் பிரிவு வரிசையைப் பாருங்கள். தலையில் பூவும் வெளுத்த புடவையும் என வந்து நிற்கும் பெண்ணிடம், பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. வீட்டில் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்ற சொல் காதில் விழ வாழ்கிறவளுக்கு, நம்மிடமிருந்து வரும் அந்த ஒரு கேள்வி போதும். அவள் எக்ஸ்ரே கேட்பதும் எம்.ஆர்.ஐ. கேட்பதும் பல நேரம் நோயை அறிவதற்காக அல்ல, வீட்டில் கொண்டுபோய்க் காட்டுவதற்காக. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலி என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதை அதன் குறிப்புகளில் ஒன்றாகவே எழுதிவைத்தது. எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து நம் வாய்ச்சொல். நியூசிலாந்தின் பென் டார்லோவும் சகாக்களும் முதுகு வலி உள்ள 23 பேரை நேர்கண்டு 2013-இல் வெளியிட்ட கட்டுரையை முதல் ஆண்டிலேயே பாடமாக வைக்க வேண்டும் என்பேன். சிலருக்கு வலி புதிது, சிலருக்குப் பழையது. தன் முதுகைப் பற்றி அவர்கள் நம்புவதில் பெரும்பகுதி மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ எப்போதோ சொன்னது. பல வருடம் கழித்தும் அது அழியவில்லை. முதுகைக் காக்க வேண்டும் என்ற அறிவுரையை அவர்கள் முதுகு பலவீனமானது, எந்நேரமும் போய்விடும் என்று எடுத்துக்கொண்டார்கள். குனியப் பயந்தார்கள், தூக்கப் பயந்தார்கள்.

இந்த ஆய்வைத் தமிழ்நாட்டில் செய்தால் என்ன கிடைக்கும் என்று யோசிக்கிறேன். ஜவ்வு விலகிடுச்சு. எலும்பு தேஞ்சு போச்சு. நரம்பு நசுங்குது. இனிமே கீழ உக்காரவே கூடாது. குடம் தூக்குனா படுத்த படுக்கைதான். இவை எல்லாம் நம் அறைகளில் அன்றாடம் உச்சரிக்கப்படுபவை. சொல்பவருக்கு அரை நிமிட வேலை. கேட்டுவிட்டுப் போகிறவர் அதற்குப் பிறகு வாசலில் கோலம் போடுவதை நிறுத்துகிறார், பேரனைத் தூக்குவதை நிறுத்துகிறார், கோயிலில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்துகிறார். எந்த ஸ்கேனிலும் தெரியாத இந்த இழப்புக்குக் காரணம் அவருடைய முதுகெலும்பா, நம் வாக்கியமா? இதைக் கேட்டு எழுத யாராவது ஒருவர் முன்வந்தால், இந்த மடல் எழுதியதற்கு அதுவே எனக்குப் போதும்.

நாம் நீட்டும் படிவங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். முதுகு வலிக்கு உலகெங்கும் பயன்படும் ஆஸ்வெஸ்ட்ரி படிவம் 1980-இல் இங்கிலாந்தில் உருவானது. உட்காருவது பற்றிய பகுதியில் அது நாற்காலியைப் பற்றித்தான் கேட்கிறது. சம்மணமிடுவதும் குந்துவதும் அங்கே இல்லை, ஏனென்றால் அந்த ஊர் நோயாளியின் வாழ்க்கையில் அவை இல்லை. படிவத்தைத் தமிழாக்கினால் மட்டும் இந்தக் குறை தீராது. எதைக் கேட்க வேண்டும் என்பதையே நம் மனிதர்களிடம் போய்க் கேட்டு வர வேண்டும்.

அப்படிப் பார்த்தும் கேட்டும் செய்த வேலை நம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஜெய்ப்பூரில் 1960-களின் இறுதியில் அறுவை மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைப் பாதம் எல்லோருக்கும் தெரியும். மேல்நாட்டுப் பாதத்துக்குக் காலணி வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குந்த முடியாது, சம்மணமிட முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. அதனால் வாங்கிப்போனவர்கள் மூலையில் போட்டுவிட்டார்கள். பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறை சொல்லாமல், அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது என்று பார்த்ததால் பிறந்தது ஜெய்ப்பூர் பாதம். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம்.

வேலூரின் கதை இன்னும் நுட்பமானது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டும் உடனிருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாடத்தைக் கூடவே இருந்து கவனித்தார்கள். ஒவ்வொரு புண்ணும் எங்கிருந்து வந்தது என்று துருவினார்கள். சூடான பாத்திரம், விளக்கு, கையைக் கிழிக்கும் கருவி என ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. இரவில் விரல் குறைவது மட்டும் புரியவில்லை. பிறகுதான், தூங்கும்போது எலி கடிப்பதையே நோயாளிகள் உணரவில்லை என்று தெரிந்தது. அவர்கள் தங்கியிருந்த நிலையத்துக்குப் பூனைகள் வந்தன. விரல்களைத் தின்றது கிருமி அல்ல, வலி இல்லாமை. இதனினும் முக்கியமாக எனக்குப் படுவது, நோயாளிகள் தங்கள் கைகால்களைத் தங்களுடையவையாகவே உணராமல், ஏதோ இரவல் கருவியைப் போலக் கையாண்டதை பிராண்ட் கவனித்து எழுதியது. வலி மிகுந்தாலும் உடம்பு அந்நியமாகிறது, வலியே இல்லாவிட்டாலும் அந்நியமாகிறது. தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாம் சொல்லித்தரும் பாடத்தில், அந்தத் தொழுநோயாளிகளிடமிருந்து கற்றது நிறைய.

இனி, உங்களில் பலருக்கு உவப்பாக இருக்காது என்று தெரிந்தே ஒன்றைச் சொல்கிறேன். நடக்கவைப்பதே நம் தொழிலின் மகுடம் என்று நினைக்கிறோம். தண்டுவடம் அடிபட்டு வருபவரின் குடும்பம் முதலில் கேட்பதும் அதைத்தான்: ‘நடந்துருவாராங்க?’ மைக் ஆலிவர் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் இளம்வயதில் கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். பேராசிரியராகப் பொறுப்பேற்று 1993-இல் ஆற்றிய உரையில், நடப்பதில் அப்படி என்ன அற்புதம் இருக்கிறது என்பதையே அவர் தலைப்பாக வைத்துக்கொண்டார். நடக்க வைத்தே தீருவது என்று குழந்தைப் பருவம் முழுவதையும் சிகிச்சை விழுங்கிவிடுவதை அவர் கடுமையாகச் சாடினார். டொரன்டோவில் பார்பரா கிப்சனும் கெயில் டீச்மனும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளையும் பெற்றோரையும் கண்டு 2012-இல் எழுதிய கட்டுரை இதையே இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. இருவருமே மறுவாழ்வுத் துறையில் பயின்றவர்கள். பெற்றோருக்கு நடை என்பது பிள்ளை மற்றவர்களைப் போல ஆகிவிடும் என்ற நம்பிக்கையின் சின்னம். அதை விட்டுக்கொடுத்தால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடுமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. அந்தப் பயத்தை வளர்த்ததில் சிகிச்சை அறைக்கும் பங்கு உண்டு.

மேரி வர்கீஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளம் மருத்துவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுவந்தார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் கனவிலும் உழைப்பிலும் உருவானது. அவர் திரும்ப நடக்கவில்லை. அவருக்குச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. படிக்கட்டும் பேருந்தும் சமூகத்தின் பார்வையும்தான் மனிதரை முடக்குகின்றன, உடம்பு அல்ல என்று மாற்றுத்திறனாளிகள் இயக்கம் உரத்துச் சொன்னபோது, அதற்குள்ளிருந்தே சில பெண்கள் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஜெனி மோரிஸ் 1991-இலும் லிஸ் குரோ 1996-இலும் எழுதினார்கள்: எல்லாப் படிக்கட்டையும் சாய்தளமாக்கினாலும் எங்கள் வலி போகாது, களைப்பு போகாது, அதையும் பேச இடம் வேண்டும். இவர்கள் சொல்வது சரி என்பதே என் எண்ணம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி அதில் தனி வகையாக இல்லை. மூட்டின் கோணத்துக்கும் தசையின் பலத்துக்கும் சதவீதம் போட முடிகிறது. இரவெல்லாம் தூங்கவிடாத வலி அந்தக் கணக்குக்குள் தனித்து வருவது கடினம். இந்தப் பள்ளத்தில் விழுந்து கிடப்பவர்களின் குரலை எழுத நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்? வாரக்கணக்கில் அவர்கள் உடம்பைத் தொட்டுக்கொண்டு அருகில் இருப்பவர்கள் நாம்தான்.

சரி, உங்கள் வழிகாட்டி என்ன கேட்பார்? முதலில், எத்தனை பேர் என்பார். இந்த ஆய்வில் ஆள் எண்ணிக்கையை விட யாரைத் தேர்ந்தீர்கள், எவ்வளவு ஆழமாகக் கேட்டீர்கள் என்பதுதான் எடைக்கல். ஒன்பது பெண்கள் பேசிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்து, உங்கள் சொந்தக் கருத்தைப் புகுத்தமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பார். நியாயமான கேள்வி. நீங்கள் யார், எந்தச் சாதி, எந்த ஊர், ஆணா பெண்ணா, நோயாளிக்கு நீங்கள் யாராகத் தெரிகிறீர்கள் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, அது உங்கள் வாசிப்பை எங்கே வளைத்தது என்று கடைசி வரை தேடிக்கொண்டிருக்க வேண்டும். நேர்காணல் ஆய்வை எழுதுவதற்கென 2007-இல் வந்த கோரெக் என்ற 32 அம்சப் பட்டியல் இருக்கிறது. அதன்படி எழுதினால் தேர்வாளர் குறை காண்பது கடினம். பிரவுன், கிளார்க் இருவரும் 2006-இல் எழுதிய, கருப்பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் அதை எளிது என்று நினைத்து இறங்காதீர்கள். நேர்காணல் எழுத்தைப் பத்து முறையாவது படிக்காமல் தலைப்புக் கொடுக்கத் தொடங்கினால், கேள்வித்தாளில் இருந்தவையே கண்டுபிடிப்பாகத் திரும்பி வரும்.

நீங்கள் சிகிச்சை தரும் நோயாளியை நீங்களே பேட்டி காணாதீர்கள். ‘பரவாயில்லைங்க டாக்டர், உங்க புண்ணியத்துல இப்ப எவ்வளவோ தேவலை’ என்றுதான் சொல்வார். வேறென்ன சொல்ல முடியும்? நாளையும் உங்களிடம்தான் கரண்ட் வைத்துக்கொள்ள வர வேண்டும். வேறு நிலையத்து நோயாளியைக் கேளுங்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள். முடிந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். மருமகளோ கணவனோ பக்கத்தில் இருந்தால் பேச்சு மாறும் என்பதை எதிர்பார்த்தே போங்கள். மருமகள் பேசினால் அதுவும் தரவுதான்.

வலி எத்தனை என்று தொடங்காதீர்கள். ‘வலி வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் எப்படிப் போகும், காலையிலேர்ந்து சொல்லுங்க’ என்று கேளுங்கள். ‘வலி வந்த பிறகு வீட்டுல எந்த வேலை யார் கைக்குப் போச்சு?’ என்று கேளுங்கள். ‘வலிக்குதுன்னு சொன்னா வீட்டுல யார் நம்புவாங்க?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அமைதியைப் பார்த்துப் பதறி அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பேசும்போது அவர் கை எங்கே போகிறது, எந்தச் சொல்லில் எழுந்து நிற்கிறார், எதைச் சொல்லாமல் காலைத் தடவிக் காட்டுகிறார் என்று கவனிப்பதில் மற்ற ஆய்வாளர்களை விட நமக்குத் தேர்ச்சி அதிகம். உடம்பைப் படிக்கக் கற்றவர்கள் நாம். அதை உடனே குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒலிப்பதிவை எழுதும்போது அவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். குடையுது, கடுக்குது, சுருக்குங்குது, மரமரன்னு இருக்குது, யாரோ உள்ளேயிருந்து இழுக்குறாப்புல இருக்கு என்று சொன்னதையெல்லாம் வலி என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், கேட்கப் போனதே வீண்.

எச்சரிக்கை ஒன்று. வலியில் மனித அனுபவத்துக்குப் பங்கு உண்டு என்று படித்ததும், எல்லாம் மனசுதாங்க என்று நோயாளியிடம் சொல்லிவிடும் அவசரம் சிலருக்கு வருகிறது. இந்த ஆய்வுகள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. இடுப்பு வலிக்காரரின் மனதையும் சமூகச் சூழலையும் கையாளப் பிசியோதெரபிஸ்ட்டுகள் போதிய பயிற்சி இல்லாமல் திணறுகிறார்கள், சில நேரம் நோயாளியையே குற்றம் சாட்டுகிறார்கள் என்று ஈஃபா சினாட்டும் சகாக்களும் 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டை நிரூபிப்பவர்களாக நாம் ஆகிவிடக் கூடாது.

தலைப்புகள் வேண்டுமா? தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் கழுத்து. காஞ்சிபுரத்துக் குழித்தறியில் கால் தொங்கவிட்டு அமரும் நெசவாளரின் இடுப்பு. வால்பாறையில் கொழுந்துக் கூடை சுமக்கும் தோள். மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு தரையில் உட்காராதே என்று சொல்லப்பட்ட பாட்டிக்கு அந்த வீட்டில் உட்கார எது இடமானது என்பது. பக்கவாதம் வந்த அப்பாவை மகள் குளிப்பாட்டும்போது இருவருக்கும் நேர்வது.

எல்லாவற்றையும் விட நான் படிக்க ஆசைப்படுவது இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடிப் போகிறது. நம் துறை முதல் முறையாக இவ்வளவு பெரிய அளவில் மருத்துவமனை அறையை விட்டு வெளியே வந்திருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இடமில்லாத வீட்டில், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்க, நடக்கும் சிகிச்சையை அந்த நோயாளி எப்படி அனுபவிக்கிறார்? போகிற பிசியோதெரபிஸ்ட் அங்கே விருந்தாளியா, அதிகாரியா, பிள்ளையா? மருத்துவமனையில் காட்டாத எதை அந்த உடம்பு வீட்டில் காட்டுகிறது? ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு அவர்களோடு போய்வந்து எழுதினால் போதும்.

உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போது நேர்காணல் வழிகாட்டியையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழில் இணைக்க வேண்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தப் படிவத்தை யார், எப்படி வாசித்துக் காட்டுவார் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் நேர்காணலை எழுதி முடித்ததும், உங்கள் வழிகாட்டிக்குக் காட்டும் முன் வகுப்புத் தோழர் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
இதே துறையில் உங்களுக்கு முன்னால் வந்த ஒருவர்